ரபாயேல் கிளாக்கரின் சிரியாத் தபசு

விபூதிப் புதன்கிழமை, நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் ரபாயேல் கிளாக்கர் ஒரு சபதம் எடுத்தார்.

சபதம் எடுப்பதற்கென்றே ஏற்பட்ட காலம் அது. தபசு காலத்தின் நாற்பது நாளும் ஆளுக்கு ஒன்றை ஒறுக்க வேண்டும் என்பது கோயில் வழக்கம். பிடித்ததை விட வேண்டும். விட்டதை நாலு பேருக்குச் சொல்லவும் வேண்டும், அது வழக்கத்தில் இல்லாவிட்டாலும் மாத்தளையில் உண்டு. அந்த எழுபத்துநாலாம் வருஷம் பலர் சீனியை ஒறுத்தார்கள். சங்கக் கடையில் சீனி வந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. வேறு சிலர் பேக்கரிப் பாணை விட்டார்கள். பாண் அவர்களை எப்போதோ விட்டிருந்தது.

ரபாயேல் விட்டது வேடிக்கையை.

"இந்தத் தபசு காலத்தில நான் எந்தக் கூத்தும் பாக்கமாட்டேன். என் வீட்டு ஆளும் பாக்கக் கூடாது!" என்று கோயில் வாசலில் நின்று அறிவித்தார். வீட்டு ஆள் என்பது ஒரே ஒருத்தி, மனைவி மரிய கொறற்றி. அவள் பக்கத்தில்தான் நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சரிங்க" என்றாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் சொன்ன "சரிங்க" ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று ரபாயேல் கணக்குப் பார்த்திருந்தால் அன்றைக்கே வாயை மூடியிருப்பார்.

கோபத்துக்குக் காரணம் கோயில் மதிலில் ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் நோட்டீசு. அமெரிக்காவிலிருந்து 'மின்னல் ஐவர்' என்ற கூடைப்பந்துக் குழு வருகிறது. பந்தாடுவதே அவர்களுக்குத் தொழில். கண்டியில் ஆடிவிட்டுத் திருகோணமலைக்குப் போகும் வழியில், அடுத்த கிழமை சனிக்கிழமை பின்னேரம் மாத்தளையில் ஓர் ஆட்டம். விரல் நுனியில் பந்தைச் சுற்றுவார்கள், முதுகுக்குப் பின்னால் எறிவார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு கூடையில் போடுவார்கள், வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்று நோட்டீசு உறுதி சொன்னது. இடம்: கோயில் கோர்ட்.

அந்தக் கோர்ட் உறுதிப் பத்திரத்தில் கோயிலுடையது. மற்ற எல்லா வகையிலும் ரபாயேலுடையது. கொக்கோத் தோட்டக் கந்தோரில் பகல் முழுக்கப் பேரேடு எழுதுகிற மனிதர், பின்னேரங்களில் மண்வெட்டி பிடித்து அந்த நிலத்தை மட்டம் பார்த்தார். கல் நொறுக்கினார், தார் ஊற்றினார். வாரத்துக்கு ஒரு தடவை முழங்காலில் நின்று சுண்ணாம்பால் கோடு போட்டார். கோடு ஓர் அங்குலம் கோணினால் அவருக்கு அன்றிரவு சோறு இறங்காது.

சிறு வயதில் கொழும்பில் ஒரு வெள்ளைக்காரச் சாமியாரிடம் கூடைப்பந்து படித்தவர். படித்தது அடிப்படை. அடிப்படை மட்டும்தான். பந்தை மார்புக்கு நேரே இரண்டு கையாலும் தள்ள வேண்டும். ஒரு காலை ஊன்றினால் ஊன்றியபடி இருக்க வேண்டும், மற்றக் கால்தான் திரும்பலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டடிக்கு மேல் நடந்தால் விசில். இவற்றை அவர் பத்துக் கட்டளைகளுக்குப் பிறகு வருகிற மூன்று கட்டளைகளாகவே நம்பினார். வீட்டில் உப்புப் போத்தலைக் கேட்டால் கொறற்றி இரண்டு கையாலும், மார்புக்கு நேரே, நீட்ட வேண்டும்.

அவர் பழக்கிய கோயில் அணி முறை தவறாமல் ஆடியது. முறை தவறாமல் தோற்றது. "தோத்தாலும் ஒழுங்காத் தோக்கணும்டா" என்பார். ஆட்டத்தைப் பார்க்க எட்டுப் பேர் வருவார்கள். அதில் ஐந்து பேர் செபமாலைக்குச் சீக்கிரம் வந்துவிட்டவர்கள். ஆனாலும் அவர் அசைந்து கொடுத்தவரில்லை. உலகமே ஒரு பக்கம் நின்றாலும் ஊன்றிய காலை எடுக்காத மனிதர், அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

நோட்டீசைக் கையோடு கிழித்துக்கொண்டு நேரே பங்குச் சுவாமியிடம் போனார்.

"தபசு காலத்தில கோயில் வளவுக்குள்ள கூத்தா சுவாமி?"

"கூத்தில்ல ரபாயேல். தேகாப்பியாசம்" என்றார் சுவாமி.

"இது தேகாப்பியாசம்னா ஓணான் தலையாட்டுறதும் செபம்தான் சுவாமி!"

"கோயில் கூரை ஒழுகுது. வாற காசு கூரைக்கு. பூசையில உங்க தலையில சொட்டுறது தீர்த்தம்னு நினைச்சிட்டு இருக்கீங்களா?"

கூரைக்கு எதிராக ரபாயேல் என்ன பேசுவார்? மனம் கொதிக்க வீட்டுக்கு வந்தார்.

இங்கே கொறற்றியின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கன்னியர் மடத்துப் பள்ளியில் அவள் வலைப்பந்து ஆடியவள். போன வருஷம் கோயில் மாதர் சபையில் ஏழெட்டுப் பெண்கள், "சனிக்கிழமை பின்னேரம் நாங்களும் கோர்ட்டில விளையாடுறமே" என்று கேட்டார்கள். ரபாயேல் மறுக்கவில்லை. வரச் சொன்னார். வந்தவர்களை ஒற்றைக் காலை ஊன்றித் திரும்பப் பழக்கினார். முதல் சனி, இரண்டாம் சனி, மூன்றாம் சனி. பந்து பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

மூன்றாம் சனி, நாலு பிள்ளை பெற்ற மரியாயி இடுப்பில் கை வைத்தாள். "ஐயா, ஒத்தைக் கால்ல நிக்க நான் என்ன கொக்கா? பந்து எங்க?"

"அடிப்படை வந்தாத்தான் பந்து வரும்."

"நாங்க வந்தது சிரிச்சு விளையாட."

"சிரிக்கிறதுக்கு வேற இடம் பாருங்க!"

அவர்கள் வேறு இடம் பார்க்கவில்லை. மாத்தளையில் வேறு கோர்ட் இல்லை. அன்றிலிருந்து சனிக்கிழமைப் பின்னேரங்களில் கோர்ட் ரபாயேலின் அணிக்கு, மாதர் சபை மதிலுக்கு வெளியே. கொறற்றி அதை மறக்கவில்லை. கிழமைக்கு ஒரு தரம் கேட்டாள். கிழமைக்கு ஒரு தரம் அவர் மறுத்தார்.

அன்று இரவுச் சாப்பாடு அவித்த மரவள்ளியும் கட்டச்சம்பலும். ரபாயேலுக்குச் சம்பலை விடக் காரமாய் இருந்தது மனது.

"அஸ்திவாரமே இல்லாத கூட்டம்! அதைப் பாக்க ஊர் முழுக்க அள்ளுப்படுது."

"அஸ்திவாரம் வேணும்தாங்க" என்றாள் கொறற்றி. "அதுக்காக அஸ்திவாரத்துக்குள்ளயே குடியிருக்க ஏலுமா? கூரையும் வேணுமில்ல?"

"நீயும் கூரைய இழுக்காத!"

"சரிங்க. உங்களுக்கு அதைப் பாக்கவே புடிக்காது, என்ன?"

"புடிக்காதா? அருவருப்பு! ஒரு நிமிஷம் பாத்தா நெஞ்சு எரியும். ஒரு மணித்தியாலம் பாக்கிறது எனக்கு உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்பு!"

கொறற்றி மரவள்ளித் துண்டைச் சம்பலில் தொட்டாள். மெல்ல மென்றாள். விழுங்கினாள். அவசரமே இல்லை.

"அப்ப நீங்க அதைப் பாக்காம விடுறது ஒறுத்தலே இல்லையே."

"என்ன?"

"புடிச்சதை விட்டாத்தானே ஒறுத்தல்? புடிக்காததை விடுறது சொகம். நான் பாவக்காய விட்டா ஆண்டவர் கணக்கில எழுதுவாரா?"

ரபாயேலின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"புடிக்காததைச் செய்யிறதுதாங்க ஒறுத்தல். நீங்க போய் முன்வரிசையில குந்தி, கடைசி விசில் வரைக்கும் பாக்கணும். அதுதான் உங்களுக்குச் சரியான தபசு. தனியப் பாடுபட விடமாட்டேன், நானும் வாறேன்."

இதில் எங்கேயோ ஓட்டை இருப்பது ரபாயேலுக்குத் தெரிந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. எந்த ஆணும் இப்படிப்பட்ட இடத்தில் செய்வதை அவரும் செய்தார். குரலை உயர்த்தினார்.

"போவேன்! பயமா எனக்கு? போய்க் குந்துவேன். ஒரு பல்லு வெளியில தெரியாது. பாரு!"

"அந்தச் சிரிப்புக்கு முன்னால உங்களால ஏலாதுங்க."

"ஏலாதா? சிரிச்சா சனிக்கிழமை பின்னேரம் கோர்ட்டு உனக்கும் உன் மாதர் சபைக்கும்! வருஷம் முழுக்க! சிரிக்காட்டி, நீங்க எல்லாரும் தபசு முடிஞ்சு பாஸ்கு வாற வரைக்கும் ஒத்தைக் கால்ல நிக்கணும். பந்து கேக்கக் கூடாது."

"சிரிக்கிறது மட்டுமா? கை தட்டினாலும் தோல்விதானே?"

"தோல்விதான்!"

"கதிரைய விட்டு எழும்பினாலும்?"

"நான் ஏன் எழும்பப் போறேன்? அதையும் சேரு! எல்லாத்தையும் சேரு!"

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கனைப்பு. மிளகு, கராம்பு வியாபாரி சாலிஹ் நானா. அடுத்த வளவுக்காரர். ரபாயேல் குரலை உயர்த்தினால் அவருக்கு வானொலி தேவையில்லை.

"நான் சாட்சி தங்கச்சி" என்றார் வேலிக்கு மேலால் தலையை நீட்டி. "சிரிப்பு, கைதட்டு, எழும்புறது. மூணு. ஆனா ஒரு விளக்கம், கிளாக்கர் ஐயா. நாங்க நோம்பு புடிச்சா ஏழை பசி தெரியும். சிரிக்காம நோம்பு புடிச்சா என்ன தெரியும்?"

"அடிப்படை தெரியும்!" என்றார் ரபாயேல்.

அடுத்த பத்து நாளும் ரபாயேல் பயிற்சி எடுத்தார். கண்ணாடிக்கு முன் நின்று முகத்தை இறுக்கினார். கந்தோரில் பெரிய துரை ஒரு பகிடி சொல்லி எல்லோரும் சிரித்தபோது இவர் மட்டும் பேரேட்டைப் பார்த்தார். அதனால் துரைக்கு இவர் மேல் ஒரு கசப்பும் வந்தது. கொள்கைக்காகக் கொடுத்த விலை என்று அதையும் தாங்கினார்.

சனிக்கிழமை வந்தது. புறப்படும்போது, கழுத்திலே எப்போதும் தொங்குகிற விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இன்னைக்கு அங்க விளையாட்டு இல்ல. விசிலுக்கு வேலையும் இல்ல" என்றார். கொறற்றி கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

கோயில் வளவில் எள் போட இடமில்லை. அலுவிகாரைப் பக்கத்திலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள். லக்கலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள்கூட இருந்தார்கள். மதிலில், பலா மரத்தில், மணிக்கூண்டுப் படியில் எல்லாம் தலை. தன்னுடைய அணியின் ஆட்டத்துக்கு வருகிற எட்டுப் பேரை ரபாயேல் நினைத்துக்கொண்டார். நெஞ்சில் ஒரு குத்து. அதை அவர் பொறாமை என்று ஒத்துக்கொள்ளமாட்டார், நான் சொல்கிறேன்: பொறாமைதான்.

முன்வரிசையில் ரபாயேல். வலப்பக்கம் கொறற்றி. இடப்பக்கம், சாட்சி என்ற முறையில், சாலிஹ் நானா. பின்னால் மரியாயியும் மாதர் சபையும், ஆட்டத்துக்கு முதுகு காட்டாத குறையாக ரபாயேலின் முகத்தையே பார்த்தபடி.

மின்னல் ஐவர் வந்தார்கள். ஒவ்வொருவனும் கோயில் கதவு உயரம். எதிரணியையும் அவர்களே கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள், மஞ்சள் சட்டை போட்ட ஐந்து பேர். தோற்பதுதான் அவர்கள் உத்தியோகம். அதைப் பார்த்ததுமே ரபாயேலுக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷமாகச் சம்பளமில்லாமல் தோற்கிற அணி ஒன்று அவர் கையில் இருக்கிறதே!

ஆட்டம் தொடங்கியது. ஒன்பதாம் இலக்கச் சட்டைக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் வந்தான். ஒரு ஆச்சியின் குடையை வாங்கி விரித்தான். குடை பிடித்தபடி தட்டினான். கடலைக்காரரிடம் போய், இடக்கை பந்தைத் தட்ட, வலக்கையால் ஒரு சுருள் கடலை வாங்கினான். இரண்டைத் தின்றான். மூன்றாவதை மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் வாயில் போட்டான். அவன் மென்றுகொண்டிருந்த நேரத்தில் இவன் பந்தைக் கூடையில் போட்டான்.

வளவு அதிர்ந்தது. சாலிஹ் நானா தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு, "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று குலுங்கினார். சுவாமி அங்கியின் கைநுனியால் கண்ணைத் துடைத்தார்.

ரபாயேல் சிரிக்கவில்லை. ஒறுத்தல் ஒறுத்தல்தான். அவர் மனதுக்குள் பிழை எண்ணினார். வெளிக்கோட்டைத் தாண்டியது ஒன்று, ஆட்டத்தின் நடுவே உணவு உட்கொண்டது இரண்டு, எதிரிக்கு உணவு ஊட்டியது மூன்று. மூன்றாவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று யோசித்தார். யோசனை சிரிப்பை அடக்கியது.

"நல்லா இருக்கில்லங்க?" என்றாள் கொறற்றி.

"நெஞ்சு எரியுது."

"பாவம். தாங்கிக்கங்க."

இடைவேளை வரைக்கும் தாங்கினார். ஒருவன் மற்றவன் தோளில் ஏறிக் கூடைக்குள் தலையை விட்டான், தாங்கினார். ஒருவன் பந்தைக் கொடுப்பது போலக் கொடுத்துக் கொடுக்காமல் மஞ்சள் சட்டைக்காரனை மூன்று முறை சுற்றவிட்டான், தாங்கினார். உதட்டைக் கடித்த இடம் வீங்கிவிட்டது. ஆனால் பல்? ஒன்றுகூடத் தெரியவில்லை. பின்வரிசையில் மாதர் சபைக்கு முகம் வாடத் தொடங்கியது.

இரண்டாம் பாதியில்தான் ஆபத்து வேறு பக்கத்தால் வந்தது.

அந்த ஒன்பதாம் இலக்கக்காரன் நடுவில் நின்று பந்தை ஒரு கையில் நீட்டினான். மூன்று பேர் பாய்ந்தார்கள். அவன் சுழன்றான். குனிந்தான், நிமிர்ந்தான், நாக்கை நீட்டினான், முழங்காலுக்கிடையில் பந்தை எடுத்தான், ஒரு மஞ்சள் சட்டைக்காரனின் முதுகைச் சொறிந்துவிட்டான். கூட்டம் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. ரபாயேல் வழக்கம்போல அவன் காலைப் பார்த்தார்.

இடக்கால் ஊன்றியபடி இருந்தது. இத்தனை குதியாட்டத்திலும் அது ஒரு நூல் நகரவில்லை.

பத்து வருஷமாகத் தன் பையன்களிடம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத கால் அது! கோமாளி வேஷம் இடுப்புக்கு மேலேதான். இடுப்புக்குக் கீழே அவன் கொழும்புச் சாமியாரின் நேரடிச் சிஷ்யன். அடிப்படையை இவ்வளவு பழகிவிட்டதால்தான் இவனால் விளையாட முடிகிறது, சிரிக்க வைக்க முடிகிறது என்று ஓர் எண்ணம் வந்தது. அப்படியானால், சிரிப்பையும் முறையையும் எதிரெதிரே நிறுத்தி இவ்வளவு காலம் தான் போட்ட சண்டை? அந்த எண்ணத்தை வளரவிட்டால் சனிக்கிழமைப் பின்னேரம் போய்விடும். அவருடைய இரண்டு கையும் தாமாகவே ஒன்றையொன்று நோக்கிப் போயின. சட்டென்று கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"என்னங்க, கை குளிருதா?" என்றாள் கொறற்றி.

"பேசாம பாரு."

மூன்று நிமிஷம் இருந்தது. சாலிஹ் நானா மணிக்கூட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மரியாயி பின்னாலிருந்து, "கொறற்றி, பாஸ்கு வரைக்கும் எந்தக் கால்ல நிக்கிறது?" என்று பெருமூச்சு விட்டாள். ரபாயேல் கழுத்தை நிமிர்த்தினார். வென்றுவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. உலகத்து வேடிக்கைகள் எல்லாம் ஒன்றாக வந்து மோதியும் ஒரு மனிதன் அசையாமல் இருந்தான் என்று மாத்தளை பேசப்போகிறது.

அப்போது ஒன்பதாம் இலக்கக்காரன் பந்தைச் சட்டைக்குள் செருகினான்.

வயிறு பெருத்தது. அவன் இடுப்பில் கை வைத்துப் பிள்ளைத்தாச்சி நடை நடந்தான். கூட்டம் கூவியது. ஓரடி, இரண்டடி. ரபாயேல் நிமிர்ந்தார். மூன்றடி. அவர்களுடைய நடுவர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கினார். நாலடி. ரபாயேலின் காதுமடல் சிவந்தது. ஐந்தடி, தான் முழங்காலில் நின்று போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேலே. ஆறடி! அவருடைய வலக்கை கழுத்துக்குப் போனது. கழுத்து வெறுமையாக இருந்தது. கை பதறிப் பக்கத்தில் துழாவியது. ஏழாவது அடியில் யாரோ அந்தக் கைக்குள் ஒரு விசிலை வைத்தார்கள். யார் என்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

விசில் சத்தம் வளவைக் கிழித்தது.

எல்லாம் நின்றது. மின்னல் ஐவரே கல்லாய் நின்றார்கள். கோர்ட்டின் நடுவில், சனிக்கிழமை வெள்ளைச் சட்டையில், முழங்கை இரண்டையும் சுழற்றிச் சைகை காட்டியபடி ரபாயேல் கிளாக்கர் நின்றார்.

"டிராவலிங்! எட்டடி! எட்டடி நடந்திருக்கான்! மஞ்சளுக்குப் பந்து!"

ஒன்பதாம் இலக்கக்காரன் ஒரு கணம் பார்த்தான். பிறகு முழங்காலில் விழுந்தான். சட்டைக்குள்ளிருந்து பந்தை மெல்ல எடுத்து, பிள்ளையைக் கொடுப்பது போல் இரண்டு கையாலும் நீட்டினான். ரபாயேல் பந்தை வாங்கினார். காலை ஊன்றினார். இப்படித் திரும்ப வேண்டும் என்று திரும்பிக் காட்டினார். பின்னால் மின்னல் ஐவரும் வரிசையாக நின்று அதே மாதிரித் திரும்பினார்கள். அவர் மார்புக்கு நேரே, இலட்சணமாக, மஞ்சள் சட்டைக்காரன் ஒருவனுக்குப் பந்தைத் தள்ளினார். அவன் வாழ்நாளில் சட்டப்படி பந்து கிடைத்து அறியாதவன். பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

மாத்தளை அன்றைக்கு அதுவரை சிரித்த சிரிப்பெல்லாம் சேர்த்தாலும் அதற்குப் பிறகு சிரித்ததில் பாதி வராது. பலா மரத்திலிருந்து ஒருத்தர் விழுந்தே போனார். அடி படவில்லை, சிரித்துக்கொண்டே மறுபடி ஏறினார்.

"சிரிக்காதீங்க! இது சட்டம்!" என்று ரபாயேல் கத்தினார். இன்னும் சிரித்தார்கள்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். முன்வரிசையில் அவருடைய கதிரை காலியாக இருந்தது. சாலிஹ் நானா தொப்பியைச் சரியாக வைத்துக்கொண்டு, சாட்சிக்குரிய மரியாதையோடு, மூன்றாவது நிபந்தனை போய்விட்டது என்று மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். மாதர் சபை ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தது. கொறற்றி மட்டும் அமைதியாகக் கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது லக்கலைக்காரர் ஒருவர் ஓடிவந்து ரபாயேலின் கையைப் பிடித்தார். "ஐயா, ரோட்டில யானை இறங்க முன்னம் வீட்டுக்குப் போகணும்னு பாதியில எழும்பினேன். நல்ல வேளை போகல்ல. அவங்க எல்லாரையும் விட உங்க வேஷம்தான் விசேஷம். எந்த ஊர்ல இருந்து இவங்களோட சேந்தீங்க?"

ரபாயேல் கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். வீட்டு வாசலில் வெடித்தார்.

"நான் எழும்பினது வேடிக்கைக்கில்ல. நியாயத்துக்கு!"

"நியாயத்துக்குத்தாங்க. அதில என்ன சந்தேகம்?"

"அப்ப அது தோல்வியில சேராது!"

"நீங்க ஏன் எழும்பினீங்கன்னு கதிரைக்குத் தெரியுமாங்க? அது காலியாத்தானே இருந்துச்சு?"

"அந்த விசில்? ஆணியில மாட்டின விசில் எப்படி அங்க வந்துச்சு?"

"மறந்திட்டுப் போறீங்களேன்னு எடுத்திட்டு வந்தேன். அடிப்படைச் சாமானை வீட்டில வச்சிட்டுப் போகலாமா?"

அன்றிரவு ரபாயேல் தூங்கவில்லை என்று நினைப்பீர்கள். நன்றாகத் தூங்கினார். ஏனென்றால் படுக்கும்போதே அவருக்கு ஓட்டை தெரிந்துவிட்டது. பந்தயம்! தபசு காலத்தில் பந்தயம் கட்டுவது பாவமல்லவா? பாவமான ஒப்பந்தம் எப்படிச் செல்லும்? தோற்றுவிட்டுத் தலை குனிகிற சாதி அவரில்லை. ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் நேரே சுவாமியின் அறைக்குப் போனார். சுவாமி கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சுவாமி, ஒரு சந்தேகம். தபசு காலத்தில புருசனும் பெஞ்சாதியும் பந்தயம் கட்டினா அது செல்லுமா?"

"பந்தயமா? பாவம் ரபாயேல். செல்லவே செல்லாது."

"திருச்சபைச் சட்டப்படி?"

"எந்தச் சட்டப்படியும்."

ரபாயேலுக்குப் பத்து நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. தாராளமாகச் சிரித்தார். இனி யாருக்குப் பயம்? சனிக்கிழமைப் பின்னேரம் மறுபடியும் அவருடையது. மாதர் சபை மறுபடியும் மதிலுக்கு வெளியே. ஒன்பதாம் இலக்கக்காரனின் அந்த இடக்காலைத் தன் பையன்களுக்கு எப்படிப் பழக்குவது என்றுகூட ஒரு திட்டம் ஓடியது.

"அப்ப சுவாமி, கோர்ட் கதவுச் சாவியையும் பந்துப் பெட்டிச் சாவியையும் குடுத்திடுங்க. இனி ரெண்டும் என் கையிலேயே இருக்கட்டும். அதுதான் ஒழுங்கு."

சுவாமி கோப்பியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது.

"கொறற்றி போன செவ்வாய்க்கிழமையே வந்து ரெண்டையும் வாங்கிட்டுப் போயிட்டாளே. 'சனிக்கிழமை அவர் எழும்பிருவார் சுவாமி. ஞாயித்துக்கிழமை பந்தயம் செல்லாதுன்னு உங்ககிட்ட வருவார். செல்லாதுன்னே சொல்லுங்க, பாவம், கொஞ்ச நேரம் சந்தோசப்படட்டும்'னு சொன்னா."